புள்ளிக்குப் பின்னால் வரும் பூச்சியங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். வழக்கமான சுகம் விசாரிப்புகள் முடிந்ததும், "மாமா, நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள். உங்களிட்டைத்தான் இதைக் கேக்க வேணும்" என்று தொடங்கினான்.

அவனுடைய நண்பர் ஒருவர் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அரிசிமா, ஒடியல், செத்தல் மிளகாய், கருவாடு என்று ஊரில் கிடைப்பவையெல்லாம் அங்கும் கிடைக்குமாம். இளம் வாடிக்கையாளர்கள் சிலர் கேட்டதால், பிட்கொயினிலும் பணம் பெறத் தொடங்கியிருக்கிறார். விலையைத் தாமே கணக்கிட்டுக் கைத்தொலைபேசியில் தட்டிக் காட்டுவார். வாங்குபவர் அத்தொகையை அனுப்பிவிடுவார். ஒரு மாலை கடையில் நல்ல கூட்டம். 0.0004 என்று தட்ட வேண்டிய இடத்தில் 0.00004 என்று தட்டிவிட்டார். ஒரு பூச்சியம் கூடியதால், வர வேண்டிய பணத்தில் பத்தில் ஒரு பங்கே வந்து சேர்ந்தது. இரவு கணக்குப் பார்த்தபோதுதான் விடயம் தெரிந்தது. வாங்கியவர் கவனிக்கவில்லையோ, கவனித்தும் பேசாமல் போய்விட்டாரோ தெரியாது. அவர் யார் என்பதும் தெரியாது. வங்கி அட்டையாக இருந்தால் வங்கியிடமாவது முறையிடலாம். இங்கே முறையிடுவதற்கு ஒருவரும் இல்லை.

"பிழை விடாமல் வாசிக்கக்கூடிய மாதிரி இந்த விலையளை எப்பிடி எழுதுறது மாமா?" என்பதுதான் மருமகனின் கேள்வி.

கேள்வியைக் கேட்டதும் என் நினைவு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போய்விட்டது.

எழுபதுகளின் தொடக்கம். ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலம். ஆசிரிய பீடத்தில் நான் மிகவும் இளையவன். சந்தை விலைப் பட்டியலை ஒப்புநோக்கும் வேலை பெரும்பாலும் என் தலையில் விழும். வெளிநாட்டு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால் யாழ்ப்பாணத்தின் மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கு அது நல்ல காலம். அவர்கள் பத்திரிகையில் அரசியலுக்கு முன்னர் விலைப் பட்டியலைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாள் செத்தல் மிளகாய் இறாத்தல் 3.50 என்று வர வேண்டியது 3.05 என்று வந்துவிட்டது. அச்சுக்கோப்பவரின் கை இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிவிட்டது. அதைப் பிடிக்க வேண்டிய என் கண் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சுன்னாகம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி காரியாலயத்துக்கு வந்தார். கையில் நாலாக மடித்த எங்கள் பத்திரிகை. வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரி அந்தப் பட்டியலைக் காட்டி, நான்கு அந்தர் மிளகாயை 3.05 படி வாங்கிப் போய்விட்டார். இறாத்தலுக்கு 45 சதம் நட்டம். 448 இறாத்தலுக்கு 200 ரூபாய்க்கு மேல். அன்றைக்கு அது என் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்டிய தொகை. அவர் கோபப்படவில்லை. "தம்பி, நீங்கள் ஒரு பூச்சியத்தை மாறிப் போட்டியள். எனக்கு ஒரு மாட்டுக்கண்டு போச்சு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் மூன்று வரியில் திருத்தம் போட்டோம். திருத்தம் அவருடைய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆகவே மருமகனின் கேள்வி எனக்கு அந்நியமானதாகப் படவில்லை. சில நாட்கள் இருந்து வாசித்துப் பார்த்தேன். பிட்கொயினை வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பல தடவை அதன் ஆபத்துகள் குறித்து எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கைகளில் நியாயம் உண்டு. நான் பேசுவது விலையை எழுதும் முறையைப் பற்றி மாத்திரமே.

வாசித்தபோது முதலில் வியப்பளித்த செய்தி இது. பிட்கொயினின் உட்கணக்கில் தசமப் புள்ளியே கிடையாது. ஒரு பிட்கொயின் என்பது பத்துக் கோடி சிறு அலகுகள். அச்சிறு அலகுக்கு, அதை உருவாக்கியவரின் புனைபெயரையொட்டி, சடோஷி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதெல்லாம் முழுச் சடோஷிகளில்தான். புள்ளியும் அதன் பின்னால் வரும் பூச்சியங்களும் நம் கண்ணுக்குக் காட்டுவதற்காக மேலே பூசப்பட்ட பூச்சு. கடைக்காரரைக் கவிழ்த்தது அந்தப் பூச்சுத்தான்.

தொடக்கத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. 2010 மே 22இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் இரண்டு பீட்சாக்களுக்கு 10,000 பிட்கொயின் கொடுத்தார். அந்த நாட்களில் பெரிய அலகே சில்லறையாக இருந்தது. முதல் மென்பொருளின் நிரலில் பிட்கொயினின் நூறில் ஒரு பங்குக்கு 'சென்ட்' என்று ஒரு பெயரும் இருந்தது. டொலருக்குச் சென்ட் போல, ரூபாய்க்குச் சதம் போல, நூறாகப் பிரித்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள் போலும். சிறிய எண்களோடு மல்லுக்கட்டுவது அலுப்பைத் தந்தால் புள்ளியைக் காட்டும் இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று சடோஷி நகமோட்டோவே 2010இல் எழுதியிருந்தார்.

2024 டிசம்பரில் ஒரு பிட்கொயின் முதன்முறையாக ஓர் இலட்சம் டொலரைத் தாண்டியது. அந்த விலையில், அன்றைய 'சென்ட்' ஆயிரம் டொலர். அதைக் கொண்டு தேநீர் வாங்க முடியுமா?

இடையில் வேறு அலகுகளை முன்வைத்தவர்களும் உண்டு. 2013 இறுதியில் பிட்கொயின் ஆயிரம் டொலரைத் தொட்டபோது, ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிபிட்கொயின் ஏறத்தாழ ஒரு டொலருக்குச் சமமாக இருந்தது. மிகப் பொருத்தமான அலகு என்றே தோன்றியிருக்கும். ஆனால் விலை ஓர் இலட்சம் டொலரானபோது ஒரு மில்லி நூறு டொலராகிவிட்டது. மூன்று டொலர் கோப்பி 0.03 மில்லி. பழைய பூச்சியங்கள் புதிய பெயரில் திரும்பி வந்துவிட்டன.

அடுத்தது 'பிட்'. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது நூறு சடோஷி. 2017இல் இதற்கு முறையான முன்மொழிவும் எழுதப்பட்டது. இதன் பக்கத்தில் நல்ல நியாயம் இருக்கிறது. பிட்டுக்குப் பின் இரண்டு தசம இடங்கள் போட்டால் சடோஷி வரை எழுதிவிடலாம். உலகின் கடைக் கணக்கு இயந்திரங்களும் கணக்கேடுகளும் இரண்டு தசம இடங்களுக்குப் பழகியவை. ரூபாயும் சதமும் எழுதத் தெரிந்தவர் பிட்டும் சடோஷியும் எழுதிவிடலாம். எனினும் 'பிட்' என்ற சொல் கணினி உலகில் ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. இரண்டு அலகுகள் சேர்ந்து புழங்கினால் எது எது என்ற மயக்கமும் வரும்.

இந்த இடத்தில் பிரித்தானியரின் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பவுண், சிலிங், பென்ஸ் என்றிருந்த பழைய முறையைத் தசம முறைக்கு மாற்றியபோது தென்னாபிரிக்கா 1961இலும், அவுஸ்திரேலியா 1966இலும், நியூசிலாந்து 1967இலும் ஒரே வழியைப் பின்பற்றின. பத்துச் சிலிங்கை, அதாவது அரைப் பவுணை, தங்கள் புதிய அலகாக்கின. அதன் நூறில் ஒரு பங்கு அன்றாடச் சில்லறைக்கு ஏறத்தாழச் சரியாக அமைந்தது. பிரித்தானியாவோ உலகச் சந்தையில் பவுணுக்கு இருந்த மதிப்பை எண்ணி, 1971இல் பவுணை அப்படியே வைத்துக்கொண்டு நூறாகப் பிரித்தது. புதிய பென்னி, பழைய பென்னியின் இரண்டரை மடங்குக்குக் கிட்டிய பெறுமதி பெற்றது. சிறிய சாமான்களின் விலைக்கு அது பருமனாகிவிட்டதால் அரைப் பென்னி நாணயம் ஒன்றும் தேவைப்பட்டது. 1984 வரை அது புழங்கியது. தசம முறைக்கு மாறியும் பின்னத்தை விட முடியவில்லை.

நம் நாட்டிலும் 1870ஆம் ஆண்டு பொறித்த கால் சதச் செப்புக் காசுகள் உண்டு. ஒரு ரூபாயில் நானூறில் ஒரு பங்கு! இன்று நினைத்தால் சிரிப்பு வரும். ஆனால் ஒரு பிடி கீரை வாங்குகிறவளின் கையில் இருக்க வேண்டியது அந்தக் காசுதான் என்று யாரோ எண்ணியிருக்கிறார்கள். அதற்கும் வெகுகாலம் முன்னரே நம்மவர்கள் முந்திரி என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்கையும், அதையும் மீண்டும் முந்நூற்றிருபதாகப் பிரித்துக் கீழ்முந்திரி என்றும் பெயரிட்டு வைத்தார்கள். சிறு பகுதிக்குத் தனிப் பெயர் கொடுத்துவிட்டால், 'ஒரு முந்திரி, இரண்டு முந்திரி' என்று முழு எண்ணாகவே எண்ணிவிடலாம். பின்னம் என்ற பயமே எழாது.

இவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். விலை எழுதும் அலகைப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருப்பவரின் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆகக் குறைந்த விலைக்கு வாங்குபவரின் கையிலிருந்து தொடங்க வேண்டும். அவருடைய தேநீர் முழு எண்ணில் எழுதப்பட்டால், மாளிகை வாங்குகிறவர் தம் எண்களை எப்படியும் எண்ணிக்கொள்வார். மேலே எண்ணிப் போவதற்கு ஆயிரம், இலட்சம், கோடி என்று எல்லோருக்கும் பழகிய சொற்கள் இருக்கின்றன. புள்ளிக்குக் கீழே ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் சந்தையில் எவரும் பெயர் சொல்வதில்லை. பெயர் சொல்ல முடியாததை வாயால் கேட்டு உறுதிப்படுத்தவும் முடியாது.

2025இல் இன்னொரு முன்மொழிவு வந்தது. சடோஷி என்ற பெயரையே கைவிட்டு, அந்தச் சிறு அலகையே 'பிட்கொயின்' என்று அழைக்கலாம் என்கிறார்கள். புள்ளி ஒழியும் என்பது உண்மை. ஆனாலும் பழைய பத்திரிகைக்காரனான என் மனம் இதை ஏற்கவில்லை. 2010இன் பீட்சாவுக்கு 10,000 பிட்கொயின் என்று பழைய பதிவுகள் சொல்லும். புதிய கணக்கில் அதே சொற்கள், ஓர் இலட்சம் டொலர் விலையில் பார்த்தால், வெறும் பத்து டொலர். பிரான்சில் 1960இல் நூறு பழைய பிராங் ஒரு புதிய பிராங் ஆனது; முதியவர்கள் பல ஆண்டுகள் பழைய பிராங்கிலேயே எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிரித்தானியர் 1971இன் பென்னியில் 'புதிய' என்ற சொல்லைப் பொறித்து, 1982இல்தான் எடுத்தார்கள். ஒரே பெயருக்கு இரண்டு பொருள் இருக்கும் காலம் ஏமாற்றுகிறவர்களுக்கு அறுவடைக் காலம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அலகைச் சிறிதாக்கினால் வாசிப்புப் பிழை குறையும். விலையின் ஆட்டம் குறையாது. மத்திய அமெரிக்க நாடான எல் சல்வடோர் 2021 செப்டெம்பரில் பிட்கொயினைச் சட்டபூர்வப் பணமாக்கியது. விலைகளைப் பிட்கொயினில் எழுதவும் அந்தச் சட்டம் இடமளித்தது. பிட்கொயின் 50,000 டொலர் என்று கொண்டால், ஒரு டொலருக்கு விற்கும் பூபூசா ரொட்டி 2,000 சடோஷி. வாசிக்க எளிய எண்தான். அப்படியிருந்தும் கடைகள் டொலரிலேயே விலை எழுதின. காலையில் எழுதிய சடோஷி விலையை மாலையில் அழித்து எழுத எந்தக் கடைக்காரர் விரும்புவார்? வியாபாரிகள் அதைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற விதியை அந்நாடு 2025 ஜனவரியில் நீக்கியது.

எனவே மருமகனுக்கு இப்படிச் சொன்னேன்: "விலைச் சீட்டிலை டொலர் விலை பெரிசா இருக்கட்டும். அதுதான் நிலையா நிக்கும். பிட்கொயினாலை தாறவைக்கு, காசு வாங்கிற நேரத்திலை சடோஷியிலை, முழு எண்ணாக் காட்டச் சொல்லு. புள்ளியே வேண்டாம். ஆயிரத்துக்கு ஒரு காற்புள்ளி. கடைக்குள்ளை ஒரே அலகுதான் இருக்க வேணும். கடைசியா, தொகையை வாயாலை ஒருக்காச் சொல்லிப்போட்டு வாங்கச் சொல்லு. நாப்பதாயிரம் எண்டு சொல்லலாம். பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம் பூச்சியம் நாலு எண்டு கூட்டத்துக்குள்ளை ஆர் சொல்லுவினம்?"

அவன் சிரித்தான். "இவ்வளவு நாளும் இதை ஒருத்தரும் சொல்லேல்லை மாமா" என்றான். கணினி தெரிந்தவர்கள் பலர் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொல்லித் தந்தவர் கணினியைக் கண்டிராதவர். நாலாக மடித்த பத்திரிகையுடன் என் மேசைக்கு முன்னால் நின்றவர் அவர். சம்பளத்தில் பாதியையாவது அவரிடம் கொடுத்திருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அன்று அந்தத் துணிவு எனக்கு வரவில்லை.

கடைக்காரர் தம் திரையை மாற்றிவிட்டார் என்று நேற்று மருமகன் செய்தி அனுப்பியிருந்தான். முதலில் விற்ற பொருள் அரை இறாத்தல் செத்தல் மிளகாயாம்.