கொற்கை முதல் மணப்பாடு வரை... முத்துக்கரையில் இரண்டு நாள்!

கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தூத்துக்குடி எப்படி இருக்கும்? கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் அம்மா போனில் கேட்டபோது நான் சொன்ன பதில் இதுதான்: "இங்க மேடும் இல்ல, பள்ளமும் இல்லம்மா. எங்க பார்த்தாலும் ஒரே மட்டமா கிடக்கு. வெயில் வேற!"

சிலருக்கு வெளிநாட்டில் போய்ப் படிப்பது எப்படியோ, எனக்குத் தூத்துக்குடி அப்படி. தண்ணீர் வேறு, பேச்சு வேறு, காற்றில்கூட உப்பு. ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்துப் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

என் ரூம்மேட் மணப்பாட்டுப் பெண். பெட்டியைப் பார்த்தாள். திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "ஏளா, போறதுன்னா திங்கக்கிழமை போ. நாளைக்கும் நாளை மறுநாளும் என்கூட வா. கடலைப் பார்க்காமலே கடக்கரையில அஞ்சு மாசம் இருந்திருக்க" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவளுடைய ஸ்கூட்டியில் கிளம்பினோம்.

கடல் விட்டுப்போன ஊர்

முள்ளக்காட்டைத் தாண்டும்போது சாலையோரம் உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். அந்த நேரத்திலேயே பெண்கள் தலையில் உப்பைச் சுமந்து நடந்துகொண்டிருந்தார்கள். கூடை சுமந்து வரிசையாக நடக்கும் பெண்களை நான் தேயிலைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே கூடை முதுகில், இங்கே தலையில். அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து பழையகாயல். இன்று ஒரு சின்ன ஊர். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, 'காயல்' என்ற பெரிய துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கிய இடம். அது இந்தப் பழையகாயல்தான் என்றார் கால்டுவெல். பக்கத்திலிருக்கும் காயல்பட்டினம்தான் என்று சொல்பவர்களும் உண்டு.

அங்கிருந்து உள்ளே திரும்பி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போனால் கொற்கை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'பாண்டியர்களின் துறைமுகம்' என்று படித்திருப்போமே, அதே கொற்கை. சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்னால் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் இந்த ஊரும் இதன் முத்தும் வருகின்றன. தண்டனைக் கைதிகளைக் கொண்டு இங்கே முத்துக் குளிக்க வைத்தார்கள் என்கிறது அந்தக் குறிப்பு.

ஆனால், நான் போய் நின்றபோது கடலைக் காணோம். ஒரு குளம், கிளை பரப்பி நிற்கும் ஒரு கிழட்டு வன்னி மரம், ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். "தாத்தா, கடல் எங்கே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கிழக்கே கையைக் காட்டினார். "அது கோவிச்சிக்கிட்டுப் போயி ரொம்ப காலமாச்சு தாயி."

தாமிரபரணி வருஷா வருஷம் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் காரணம். கழிமுகம் மேடாக மேடாக, கடற்கரை கிழக்கே நகர்ந்துவிட்டது. கப்பல் வரமுடியாமல் போனதும் வியாபாரம் காயலுக்குப் போனது. காயலும் மேடானது. பிறகு புன்னைக்காயல், அப்புறம் தூத்துக்குடி. கொற்கையில் 1968-69-ல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது கிடைத்த கரித்துண்டு, கி.மு. 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. அத்தனை பழைய ஊர், துறையைத் தேடித் தேடி இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆற்றுமுனையில் ஓர் அச்சகம்

முக்காணிப் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்தபடி புன்னைக்காயல் போனோம். ஆறு கடலில் சேரும் இடம். வள்ளங்களும் காயும் வலையுமாக, மீனவர்கள் வாழும் ஊர்.

இந்த ஊரில்தான் 1586-ல் 'அடியார் வரலாறு' என்ற தமிழ்ப் புத்தகம் அச்சானது. அச்சிட்டவர் அண்டிரிக் அடிகளார். போர்ச்சுகலிலிருந்து வந்து தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர். அதற்கு எட்டு வருஷம் முன்பே, 1578-ல், கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சாகியிருந்தது. இந்திய மொழி எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அது. வெறும் 16 பக்கம்தான்.

"அவர் கடைசி வரைக்கும் இந்தக் கரையிலேயே இருந்துட்டாரு. ஊருக்குப் போகவேயில்ல" என்றாள் தோழி. என்னைக் குத்துகிறாளோ என்று பார்த்தேன். அவள் ஐஸ்காரரிடம் சில்லறை வாங்குவதில் மும்முரமாக இருந்தாள்.

மதியம் காயல்பட்டினம். பழமையான பள்ளிவாசல்கள், கொழும்பு வியாபாரத்தில் எழும்பிய பெரிய வீடுகள். வீடுகளுக்குப் பின்னால், பெண்கள் போய்வருவதற்கென்றே குறுகலான முடுக்குகள். தோழியின் ஸ்கூல் சிநேகிதி வீட்டில் வட்டிலப்பம் கொடுத்தார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேகவைத்த இனிப்பு. வாயில் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது எங்கள் பாட்டி பெருநாளுக்குப் பெருநாள் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிச் சாப்பிட்டதாகச் சொல்லும் சிலோன் பலகாரமாயிற்றே!

கயிறு பிடித்தவர்

திருச்செந்தூரைத் தாண்டி, குலசேகரன்பட்டினம் வழியாகப் போனோம். தசராவுக்குப் பேர்போன அந்த ஊரில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மணப்பாடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது.

தோழியின் அம்மா பனையோலையில் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். "வாம்மா, மலையிலிருந்து வந்த புள்ளையா?" என்று எழுந்துபோய், உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியோடு வந்தார். திண்ணையில் தோழியின் தாத்தா. எண்பதைத் தாண்டியவர். இளவயதில் முத்துச் சலாபத்துக்குப் போனவர். சலாபம் என்றால் அரசாங்கம் நாள் குறித்து நடத்தும் முத்துக்குளிப்பு.

"அறுபத்தொண்ணுல நடந்ததுதான் கடைசி சலாபம். அப்பம் எனக்குப் பதினெட்டு வயசு. நான் குளிக்கல, கயிறு பிடிச்சேன்" என்றார் தாத்தா.

"குளிக்கிறவன் கல்லுல கால ஊணிக்கிட்டு எட்டு, பத்து பாகம் இறங்குவான். ஒரு நிமிஷம், அதுக்குள்ள சிப்பியை அள்ளணும். கயிறு ஆடுச்சுன்னா மேல இருக்கிறவன் சட்டுன்னு இழுக்கணும். கொஞ்சம் அசந்தா ஆளு போச்சு. அதான் கயிறு பிடிக்க மச்சானைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. கூடப்பிறந்தவ தாலி அந்தக் கயித்துலல்லா தொங்குது! மச்சான் கண்ணை மூடமாட்டான்."

அள்ளிய சிப்பியில் ஒரு பங்கு குளித்தவருக்கு, மீதி அரசாங்கத்துக்கு. சிப்பியை அழுகவிட்டு, அலசித்தான் முத்தெடுப்பார்கள். ஊரே நாறுமாம். "அத்தனை சிப்பியையும் உடைச்சா என்னத்தையோ ஒண்ணுல முத்து இருக்கும்" என்றார். அதன்பிறகு பார்களில் சிப்பி குறைந்துபோய், சலாபமே நடக்கவில்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். இன்றும் சிலர் கடலில் மூழ்குகிறார்கள், ஆனால் சங்குக்காக. அந்தச் சங்கு வங்காளத்துப் பெண்களுக்கு வளையலாகப் போகிறது.

"உங்க மச்சானுக்கு ஒண்ணும் ஆகலையே தாத்தா?"

"உள்ளதான் படுத்திருக்காரு. காது கேக்காது. அவ்வளவுதான்" என்றார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு மேடு

ஞாயிறு விடியற்காலையில் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணற்குன்று, அதன்மேல் திருச்சிலுவை ஆலயம். 1581-ல் கட்டப்பட்டது. செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதுமாம். குன்றின் சரிவில் கடலைப் பார்த்த ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அதில் தங்கினார் என்பது ஊர் நம்பிக்கை.

குன்றில் ஏறும்போதுதான் உறைத்தது. ஐந்து மாதத்தில் என் கால்கள் ஏறும் முதல் மேடு இதுதான்! உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே பழைய காரை வீடுகளும் கோபுரங்களுமாக ஊர். காற்று கோத்தகிரிக் காற்று மாதிரியே காதில் இரைந்தது.

அங்கிருந்து அம்மாவுக்கு போன் போட்டேன். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லத்தான் போட்டேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "அம்மா, பாட்டியோட அப்பா எங்கேருந்து சிலோனுக்குக் கப்பல் ஏறினாரு?"

"தூத்துக்குடியிலிருந்துதான் பாப்பா. உனக்குத் தெரியாதா? அங்க சீட் கிடைச்சதும் பாட்டி அழுதுச்சே, அதனாலதான்."

தெரியாது. அல்லது யாரோ சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. கொள்ளுத்தாத்தா இங்கே கப்பலேறி, கண்டிப் பக்கம் காட்டை அழித்துத் தேயிலை நட்டார். 1964-ல் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் பாட்டி குடும்பம் திரும்பி வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய டேன்டீ தோட்டத்தில் வேலை கிடைத்து, கோத்தகிரியில் குடியேறினார்கள். நான் 'அந்நிய ஊர்' என்று அழுத ஊர்தான், எங்கள் குடும்பம் இந்த மண்ணில் கடைசியாகக் கால்வைத்த இடம்.

"ஏன் பாப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு? ஏதாவது பிரச்னையா?" என்றார் அம்மா. கயிறு லேசாக ஆடியதும் தெரிந்துவிட்டது அவருக்கு.

"ஒண்ணுமில்லம்மா. இங்க ஒரு மேடு இருக்கு. அதுல ஏறினேன், மூச்சு வாங்குது."

நீங்களும் போகலாம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து மணப்பாடு இன்னும் 18. பஸ் வசதி உண்டு. கொற்கைக்கும் புன்னைக்காயலுக்கும் சொந்த வண்டியோ ஆட்டோவோ இருந்தால் நல்லது. உச்சிவெயிலில் மணற்குன்று ஏறாதீர்கள், காலையிலோ மாலையிலோ ஏறுங்கள். திரும்பும்போது தூத்துக்குடி மக்ரூன் வாங்க மறக்காதீர்கள்.

ஞாயிறு ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கினேன். தோழி படுக்கையில் புரண்டபடி, "திங்கக்கிழமை எத்தன மணிக்குளா பஸ்ஸு?" என்றாள்.

தலையணையை எடுத்து அவள்மேல் எறிந்தேன்.