கடலும் வாசற்படியும்

தன் சுமையைத் தானே சுமந்து செல்லும் மனிதனைக் கண்டால் நம் நாட்டுப் பழைமை முகம் சுளிக்கும். செல்பவன் ஒருவன், சுமப்பவன் இன்னொருவன் என்று பிறப்பைக் கொண்டே பிரித்துவைத்த நாடு இது. பல்லக்கில் அமர்ந்தவன் ஊர் கண்டான். பல்லக்கைத் தூக்கியவன், தனக்கு முன்னே நடந்தவனின் முதுகைக் கண்டான்!

இன்றைய இளைஞன் தன் பையைத் தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு உலகம் காணப் புறப்படுகிறான். பல்லக்குக்கு விழுந்த அடி என்றே நாம் இதனைக் கருதுகிறோம். தியாகராயநகர் ரங்கநாதன் தெருவில் வாங்கிய பையொன்றைச் சுமந்து, அண்மையில் நாமும் அவ்வாறு சென்று திரும்பினோம். கண்டவை இரண்டே நகரங்கள்: கேம்பிரிட்ஜ், இலண்டன். மாடமாளிகைகளைக் கண்டு மலைத்து நிற்க அல்ல, இம்மண்ணிலிருந்து கடல் கடந்து சென்ற இருவர் வாழ்ந்த இடங்களைக் காணவே சென்றோம். ஒருவர் கணித மேதை இராமானுஜன். மற்றவர் அண்ணல் அம்பேத்கர்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, மயிலாப்பூர் மாடவீதியில் நமக்குப் பழக்கமான முதியவர் ஒருவர், விசா கிடைக்க வழியொன்று கூறினார். சென்னை விமான நிலையத்துக்கு அருகே விசா கணபதி கோயில் இருக்கிறதாம். கடவுச்சீட்டை எடுத்துச் சென்று வணங்கினால் காரியம் கைகூடுமாம். அவர் அன்போடுதான் கூறினார். ஆகையால் நாம் வாதாடவில்லை. விண்ணப்பத்தை நிரப்பினோம், வங்கிக் கணக்கைக் காட்டினோம், பத்து விரல்களின் ரேகையைப் பதித்தோம், விசா வந்தது. ஆயினும் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. கடலைக் கடக்காதே என்று கட்டளையிட்ட மதம், கடலைக் கடப்பதற்கு அனுமதி வாங்கித் தரும் வேலையை எந்நாளில் ஏற்றுக்கொண்டது?

கட்டளை நம் கற்பனையன்று, தோழர்களே! பௌதாயன தர்ம சூத்திரம், மனிதனைச் சாதியினின்று வீழ்த்தும் பாவங்களைப் பட்டியலிடும்போது, கடற்பயணத்தை முதலில் வைக்கிறது. நம் தொல்காப்பியமும், பெண்டிரை உடன்கொண்டு கடல் வழியே செல்லும் வழக்கம் இல்லை என்று குறிக்கிறது. நம்முடைய நூல் என்பதற்காக அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தத் தடை யாரைத் தடுத்தது? 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் புறப்பட்டது. தமிழரும் தெலுங்கருமாக 342 பேர் அதில் இருந்தனர். தென்னாப்பிரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைப்பதற்காக, நவம்பர் 16 அன்று டர்பன் கரையில் இறக்கப்பட்டனர். கப்பலேறாதீர், பாவம் வரும் என்று அவர்களைத் தடுக்க எந்தச் சாத்திரி கடற்கரைக்கு ஓடினார்? இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் ஆயிரமாயிரமாய் ஆட்கள் ஏற்றப்பட்டபோது எந்த மடம் பிராயச்சித்தப் பட்டியலை நீட்டிற்று? உழைக்கச் செல்பவனுக்குக் கடலில் தீட்டில்லை. படிக்கச் செல்பவனுக்கு மட்டும் தீட்டு! விந்தையான கடல்தான் அது!

அந்தத் தீட்டின் கதையைத்தான் கேம்பிரிட்ஜில் நாம் தேடினோம். இலண்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அறுநூறு, எழுநூறு ஆண்டுப் பழமையுள்ள கல்லூரிகள் நிறைந்த ஊர். எனினும் அதற்கு நகரம் என்னும் தகுதி கிடைத்தது 1951இல்தான். டிரினிடி கல்லூரியின் வாயிலில் பையை இறக்கிவைத்து நின்றோம். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதிய இளைஞர் ஒருவர் நுழைந்த வாயில் அது.

1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு, இவன் மேதை என்று உணர்ந்தவர் பேராசிரியர் ஹார்டி. கடவுளை நம்பாதவர் அவர். அழைப்பு சென்றது, முதலில் இராமானுஜன் இசையவில்லை. காரணம் கணிதமன்று, கடல்! நாமகிரித் தாயார் கனவில் தோன்றி இசைவளித்ததாகக் கூறித்தான் அன்னை தடையை நீக்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கிற்று. குடுமி களையப்பட்டது. 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது.

சென்ற சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. கல்லூரியின் பொது உணவுக்கூடத்தில் அவர் உண்ணவில்லை. தன் அறையில் தானே சமைத்தார். குளிரும் தனிமையும் போர்க்காலத் தட்டுப்பாடும் சேர்ந்து வாட்டின. 1917இல் நோயுற்றார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிடியின் ஃபெலோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலகம் அளித்த பெருமையைப் பெற்றுக்கொண்டு 1919இல் தாயகம் திரும்பினார். மயிலாப்பூர் லஸ் பகுதியிலும் சிறிது காலம் தங்கினார். நோய் தீரவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் மறைந்தார். வயது முப்பத்திரண்டு.

அதன் பிறகு நடந்ததுதான் நம் நெஞ்சை அறுக்கிறது. வைதீக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. கடல் கடந்தவர், இராமேசுவரம் சென்று தீட்டைக் கழிக்காதவர்! உலகமே அறிவாளி என்று போற்றிய மனிதனை, உறவு தீட்டாளி என்று ஒதுக்கிற்று.

டிரினிடியின் ரென் நூலகத்தில் அவர் கையெழுத்துத் தாள்கள் இருக்கின்றன. வாழ்வின் கடைசி ஓராண்டில், நோய்ப்படுக்கையில், நம் மண்ணில் எழுதியவை அவற்றில் உண்டு. அவர் மறைந்தபின் அவை ஹார்டிக்கு அனுப்பப்பட்டன. 1976இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றை அந்நூலகத்தில் கண்டெடுத்தார். ஆள் கடல் கடந்ததற்குத் தீட்டு என்றார்கள். தாள் கடல் கடந்ததால்தான் உலகுக்குக் கிடைத்தது!

அங்கே நாம் ஜானகி அம்மையாரையும் நினைத்துக்கொண்டோம். கணவர் கப்பலேறியபோது அவர் பதினைந்து வயதை நெருங்கிய பெண், உடன் செல்லவில்லை. கணவரின் கடிதங்கள்கூட மாமியாரைத் தாண்டி அவர் கைக்கு எளிதில் வந்ததில்லை. பின்னாளில் திருவல்லிக்கேணியில் தையற்பொறியை மிதித்துப் பிழைத்து, 1994இல் மறைந்தார். கடல் கடந்த கணவனுக்குத் தீட்டு. வீட்டு வாசலையே கடக்க முடியாத மனைவிக்கு என்ன பெயர்? நூல்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

இலண்டனில் நாம் தங்கியது இளைஞர் விடுதியொன்றில். ஓர் அறை, அடுக்குக் கட்டில்கள், எட்டுப் பேர். கீழ்க்கட்டிலில் கொரிய மாணவர், எதிர்க்கட்டிலில் போலந்து நாட்டுத் தச்சர். பொதுச் சமையலறையில் அவரவர் சமைத்து, அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும். 1912இல் ஜெர்மனியின் அல்டேனா கோட்டையில், ரிச்சர்ட் ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர் தொடங்கிய ஏற்பாடு இது. காற்றும் வெளிச்சமும் இல்லாத தொழில் நகரத்துப் பிள்ளைகள் நடந்து சென்று நாடு காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். நம் நாட்டிலும் வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் இருந்தன, சோறும் இருந்தது, ஆனால் பந்தி வேறு வேறாக இருந்தது. தென்னாட்டு ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கெனத் தனியிடம் இருந்ததே, அது ஒழிந்தது 1941இல்தான், அதுவும் கிளர்ச்சிக்குப் பிறகுதான்.

விடுதியிலிருந்து நடந்தே பிரிம்ரோஸ் குன்றுப் பகுதிக்குச் சென்றோம். கிங் ஹென்றி சாலை, பத்தாம் எண் வீடு. முகப்பில் அண்ணல் அம்பேத்கரின் பெயர் தாங்கிய பலகை. 1921, 1922ஆம் ஆண்டுகளில் அவர் அங்கே குடியிருந்தார். அரைவயிற்று உணவோடு நூலகங்களில் நாள் முழுதும் அமர்ந்து, ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து, 1923இல் இலண்டனில் டாக்டர் பட்டம் பெற்றார். 2015இல் மகாராட்டிர அரசு அவ்வீட்டை வாங்கிற்று. அதை அருங்காட்சியகமாக நடத்தலாகாது என்று எழுந்த தடையும் 2020 மார்ச்சில் நீங்கிற்று. உள்ளே நூல்கள், படங்கள், எளிய அறைகள்.

அந்த வீட்டின் படியில் ஏறுகையில், இன்னொரு விடுதியின் படியை நாம் எண்ணாதிருக்க இயலவில்லை. 1917இல், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். இந்து விடுதி எதுவும் அவருக்கு இடம் தராது. பார்சி விடுதியொன்றில், பார்சிப் பெயரில் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள், கையில் தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேற்றிற்று. நண்பர் இருவரை நாடினார்; இடமில்லை என்றனர். பம்பாய் ரயில் வரும்வரை பொதுப்பூங்காவில் அமர்ந்திருந்தார். அந்நிகழ்ச்சியை அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளுக்கு ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று பெயர். நாம் அயல்நாட்டில் நுழைய விசா கேட்டோம். அவர் சொந்த நாட்டில் நுழையக் கேட்டார்!

அப்படியானால் இங்கிலாந்து சொர்க்கமா என்று கேட்பீர்கள். இல்லை, தோழர்களே! சொர்க்கம் என்பதே பொய்யென்று அறிந்தவர்கள் நாம். அதைக் கப்பலேற்றி இலண்டனில் இறக்குவானேன்? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியது 1948இல்தான். கறுப்பருக்கு இடமில்லை என்று இலண்டன் வீடுகளின் சாளரங்களில் அட்டை தொங்கிய காலம் நம் தந்தையர் காலம். 1965இல் சட்டம் வந்தது. அது வீட்டு வாடகையைத் தொடவில்லை. 1968இல் இன்னொரு சட்டம் இயற்றி, நிறம் பார்த்து வீடு மறுப்பதையும் சட்டவிரோதமாக்கினர். மனம் மாறட்டும் என்று காத்திருக்கவில்லை; அட்டையை முதலில் அகற்றினர். நாம் கற்க வேண்டியது இதுவே.

அவர்கள் அட்டையை அகற்றினர்; நம்மவர் சாதியை அங்கே கொண்டு சேர்த்தனர். அந்தக் குன்றின் சரிவில், பல்லாண்டுகளாக அங்கே வாழும் நம்மூர்க்காரர் ஒருவர் தமிழ்க் குரல் கேட்டு மகிழ்ந்து வந்தார். ‘மயிலாப்பூரா? எந்தத் தெரு?’ சொன்னோம். ‘பூர்வீகம் எந்த ஊர்?’ சொன்னோம். ‘குலதெய்வம்?’ சொல்ல மறுத்தோம். பேச்சு அத்துடன் நின்றது! எண்ணாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தும் சாதி களைப்படையவில்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று அங்குள்ள ஒடுக்கப்பட்டோர் நெடுநாள் போராடினர். தனிச் சட்டம் தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று 2018இல் அரசு கைவிரித்தது. வேண்டாமென்று வாதாடியவர்களுள் அங்குள்ள இந்து அமைப்புகளும் உண்டு. கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று சாத்திரம் சொன்னது. அதிலேனும் அது உண்மை சொல்லியிருக்கக் கூடாதா!

திரும்பிய பின் ஒரு வீடு தேட வேண்டியதாயிற்று. மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு என்று அலைந்தோம். ‘வீடு வாடகைக்கு’ என்று பெரிய எழுத்து. அதன் கீழே, ‘சைவ உணவு உண்போருக்கு மட்டும்’ என்று சிறிய எழுத்து. அடையாற்றில் ஒரு வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையோடு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ‘உங்கள் வீட்டில் சாப்பாடு எப்படி?’ என்று கேட்டார். ‘மீன் உண்போம்’ என்றோம். வீட்டுக்கு வேறு ஆள் பேசியிருப்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது! அவர் கேட்டது சமையலறையைப் பற்றி. அறிய விரும்பியது பிறப்பைப் பற்றி. கடைக்கும் உணவகத்துக்கும் விடுதிக்கும் செல்லும் உரிமையை நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பெயர் சொல்லிக் காக்கிறது. வாடகை வீட்டை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அந்தச் சிறிய எழுத்து தொங்குகிறது.

ஆகவே தோழர்களே, செல்லுங்கள்! பையைத் தூக்குங்கள்; பொது அறையில் உறங்குங்கள்; உங்கள் தட்டை நீங்களே கழுவுங்கள். தங்கைக்கும் ஒரு பை வாங்கிக் கொடுங்கள். உலகம் கண்டு வாருங்கள். ஆனால் அத்துடன் கடமை முடிந்ததாக எண்ணாதீர்கள். கடலைக் கடக்க இன்று விமானம் இருக்கிறது. நம் தெருவில் உள்ள வாசற்படியைக் கடக்க இன்னும் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. வாடகை வீட்டுக்கும் ஒரு சட்டம் கேளுங்கள். அதற்குமுன், உங்கள் வீட்டு வாயிலில் அந்தச் சிறிய எழுத்து தொங்குமானால், அதை எழுதியவர் தந்தையே ஆயினும், இன்றே கழற்றி எறியுங்கள்!