தமிழ் கற்றோரும் திரைத்துறை விண்ணப்பமும்

“தமிழ் படித்தால் ஆசிரியப் பணியன்றி வேறென்ன கிடைக்கும்?” என்னும் வினாவைப் பல்லாண்டுகளாக நாம் கேட்டு வருகிறோம். சேர்க்கை நாளில் பெற்றோர் கேட்பர். இறுதியாண்டில் மாணவரே கேட்பர். அண்மைக் காலமாக அவ்வினாவிற்குப் பொழுதுபோக்குத் துறையும் ஒரு விடையாக முன்னிற்கிறது. தொலைக்காட்சிகளும் இணையவழித் திரைத்தளங்களும் டப்பிங் வசனம், சப்டைட்டில், கதைச்சுருக்கம், பிரதி திருத்தம் ஆகியவற்றிற்குத் தமிழறிந்தோரை நாடுகின்றன.

இஃது ஒன்றும் புதுவழி அன்று. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், எழுத்தாளர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தியது. கலைஞர் மு. கருணாநிதி அங்குப் பணியாற்றியவரே. அந்நிறுவனத்தின் ‘மந்திரி குமாரி’ (1950) படத்திற்குப் பாடல் எழுதியோருள் நம் சமுதாயக் கவிஞர் கா.மு. ஷெரீப்பும் ஒருவர். எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்றே ஒரு பிரிவு இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு அதில் விளங்கினார். எழுத்தாளர் அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினியில் ஊழியராக இருந்தார். நாளிதழ்ச் செய்திகளை வெட்டிக் கோப்புகளில் சேர்த்தது அவர் செய்த பணிகளுள் ஒன்று. திரைத்துறை வேலை என்றவுடன் ஒளிவிளக்கும் ஒப்பனையுமே நம் கண்முன் தோன்றுகின்றன. அதற்குள் மேசையும் பேனாவும் கோப்பும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

நம்மிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருத்தி, பெருநிறுவனம் ஒன்றின் தமிழ்மொழிப் பிரிவிற்கு எழுதிய விண்ணப்பத்தைத் திருத்தக் கொணர்ந்தாள். ‘தமிழ்மீது தீராப் பற்றுடையவள், கடின உழைப்பாளி, என் குடும்பச் சூழலைக் கருதி ஆவன செய்ய வேண்டுகிறேன்’ என்று இருந்தது. பற்றும் உழைப்பும் நற்பண்புகளே; எனினும் வேலைக்கு ஆள் எடுப்போர் அறிய விழைவது, இவரால் என்ன செய்ய இயலும் என்பதையே. ஆகவே ஓர் ஆங்கிலப் படத்தின் பத்து நிமிடப் பகுதிக்குத் தமிழ் வசனவரி எழுதி, விண்ணப்பத்துடன் இணைக்கச் சொன்னோம்.

அப்போதுதான் தமிழின் வேலை தொடங்கிற்று. ஆங்கிலத்தார் ‘யூ’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர்; நாமோ நீ, நீர், நீங்கள் என்று ஆளறிந்து எழுதவேண்டும். அவர்களது ‘அங்கிள்’ நம்மிடம் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? திரையின் அடியில் பொதுவாக இரண்டு வரிகளுக்கே இடம். அவையும் சில நொடிகளில் மறைந்துவிடும். அதற்குள் பொருளும் குன்றாது, மரியாதையும் குறையாது சொல்லல் வேண்டும். நம் வீடுகளில் ஓர் ஊரில் ‘அத்தா’ என்றழைக்கப்படும் தந்தை, மற்றோர் ஊரில் ‘வாப்பா’ ஆகிறார். இவ்வேறுபாட்டை அம்மாணவி எந்த நூலிலும் படித்தறியவில்லை; பிறந்தது முதல் காதால் கேட்டறிந்தாள். அந்த அறிவும் ஒரு தகுதியே என்று விண்ணப்பத்தில் எழுதச் செய்தோம்.

சில நாளில் அவள் தந்தையார் துறைக்கு வந்தார். “சார், சினிமாவுக்கு அனுப்பவா புள்ளையைப் படிக்க வச்சேன்?” என்றார். சினத்தினும் கவலையே அவர் குரலில் மிகுந்திருந்தது. நாம் வாதிடவில்லை. அப்பணி எழுத்துப்பணி என்பதையும், மனத்திற்கு ஒவ்வாத படங்களை ஏற்காதிருக்க வாய்ப்புண்டா என முன்னரே கேட்டறியலாம் என்பதையும் கூறினோம். நெடுநேரம் அமைதியாக இருந்தவர், “அவ பேரு திரையில வருமா?” என்றார். அச்சத்தால் கேட்டாரா, ஆசையால் கேட்டாரா என்பது நமக்கு விளங்கவில்லை. மறுவாரம் சான்றிதழ் நகல்களை அவரே எடுத்து வந்து கொடுத்தார்.

முதல் நிறுவனத்திலிருந்து பதிலே வரவில்லை. வேறொரு நிறுவனம் தேர்வு வைத்து, நிமிடக் கணக்கில் ஊதியம் பேசி வேலை தந்தது. மாதச் சம்பளம் இன்னும் கனவாகவே உள்ளது. இதனையும் மறைக்காது சொல்வது நம் கடமை.

விண்ணப்பிக்கும் மாணவர்க்குச் சில கூறுவோம். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போரை நம்பற்க. கேளாத நிறுவனத்திற்குச் சொந்தக் கதையை அனுப்பற்க. பிற்காலத்தில் எழக்கூடிய உரிமை வழக்கிற்கு அஞ்சி, பெருநிறுவனங்கள் பல அத்தகையவற்றைப் படிப்பதே இல்லை. ஒப்பந்தத்தை முழுவதும் படித்த பின்னரே கையொப்பமிடுக. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, மாற்று உடன்பாடு இல்லாதவிடத்து, ஊழியர் பணியின்போது படைத்ததற்கு நிறுவனமே முதல் உரிமையாளர். திரைப்படத்தில் இடம்பெறும் எழுத்திற்கும் இசைக்கும் உரிய ஆதாயப் பங்கைப் படைப்பாளிக்குக் காக்கும் வழிகளை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. இவற்றை அறிந்து செல்வோர் ஏமாறும் வாய்ப்புக் குறைவு.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கவில்லை என்பதற்காகத் திரையில் நம் வீட்டுப் பாத்திரங்கள் தோன்றாமற் போவதில்லை. தோன்றத்தான் செய்கின்றன, எந்த வீட்டிலும் பேசாத ஒரு தமிழைப் பேசிக்கொண்டு தோன்றுகின்றன. அத்தாவையும் வாப்பாவையும் வேறுபடுத்தி அறிந்தவர் அந்த மேசையில் அமர்ந்தாலன்றி அக்குறை தீராது. தம் மொழியறிவைக் கையில் ஏந்தி, தலைநிமிர்ந்து விண்ணப்பிக்கும் மாணவச் செல்வங்கள் பெருகுவார்களாக!