தாயின் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை



ஒல்லாந்தர் என்றதும் நமக்குக் காலிக் கோட்டைதான் நினைவுக்கு வரும். அந்த ஒல்லாந்தரின் சொந்த நாட்டில், ஊட்ரெக்ட் நகரத்தில், ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் பாதையோரம் நின்று பாருங்கள். சிவப்பு நிறத் தார் போட்ட தனிப் பாதையில், பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டு செல்லும் தாய்மார் சைக்கிளில் வரிசையாக வருவார்கள். ஒருவரின் சைக்கிளுக்கு முன்னால் மரப்பெட்டி, அதற்குள் இரண்டு பிள்ளைகள். இன்னொருவர் தன் பக்கத்தில் சிறு சைக்கிள் ஓட்டிவரும் மகனின் முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளிக்கொண்டு வருகிறார். பர்தா அணிந்த நம் சகோதரிகளையும் அந்த வரிசையில் காணலாம். பின்சக்கரத்தின் இரு பக்கமும் மூடி இருப்பதால் நீண்ட ஆடை கம்பிகளில் சிக்காது. மழை பெய்தாலும் இதே ஊர்வலம்தான், மழைக்கோட்டு மட்டும் கூடுதல்.

இது அவர்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல. 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டு வீதி விபத்துக்களில் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மாண்டார்கள். "பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள்" என்று பெற்றோர் வீதியில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அதன் பிறகே சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள் வேகமாகப் பெருகின.

உங்கள் மகளோ மருமகளோ அப்படியொரு நாட்டில் வாழ்ந்தால், ஒரு நாள் இந்தக் கேள்வி வீட்டுக்கு வரும்: ஐந்து வயதுப் பிள்ளையை எப்படிக் கொண்டு போவது? பின்னால் பூட்டும் பிள்ளை இருக்கைகள் பெரும்பாலும் 22 கிலோ வரைதான் தாங்கும். ஐந்து, ஆறு வயதில் பல பிள்ளைகள் அந்த எடையை எட்டிவிடுகிறார்கள். தனியே ஓட்டவிடலாம் என்றால், சந்தியில் வாகனத்தின் வேகத்தை அளக்கும் கண் அந்த வயதில் இல்லை. இந்த இடைப்பட்ட இரண்டு மூன்று வருடங்களுக்காகத்தான் தாயின் சைக்கிளில் கொழுவி இழுக்கும் வண்டி இருக்கிறது.

அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒரே சக்கரம் கொண்ட அரைச் சைக்கிள். பிள்ளைக்கு இருக்கை, பிடி, பெடல் எல்லாம் உண்டு. விரும்பினால் மிதிக்கலாம், களைத்தால் சும்மா இருக்கலாம். மற்றது, பிள்ளையின் சொந்தச் சைக்கிளையே முன்சக்கரம் நிலத்தில் படாமல் தூக்கி இழுக்கும் இரும்புத் தண்டு. அமைதியான பாதை வந்ததும் கழற்றிவிட்டால் பிள்ளை தானே ஓட்டிப் பழகும். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

கடைக்காரர் முதலில் நிறத்தையும் விலையையும் காட்டுவார். நீங்கள் பார்க்க வேண்டியது அது எங்கே கொழுவப்படுகிறது என்பதை. மலிவானவை பெரும்பாலும் தாயின் இருக்கைத் தண்டில் பூட்டப்படும். பிடி உயரத்தில் இருப்பதால் பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தால் தாயின் இடுப்புக்குக் கீழே வண்டி இழுபடும். பின்சக்கர அச்சில் அல்லது அதற்கென்றே செய்த உறுதியான கரியரில் பூட்டுபவை விலை கூடியவை, ஆனால் ஆட்டம் குறைவு.

கட்டையான சகோதரிகள் இன்னொன்றையும் கவனியுங்கள். இருக்கையை நன்கு இறக்கி வைத்தால், பூட்டைப் பிடிப்பதற்கு வெளியே தண்டே மிஞ்சாது. அவர்களுக்கு அச்சில் பூட்டும் வகைதான் சரி. ஒல்லாந்தில் பெரும்பாலோர் நெட்டையர்கள். கடையில் யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். உங்கள் சைக்கிளையே கடைக்குக் கொண்டு போங்கள். பூட்டிய பின் உங்கள் சைக்கிளை நேராகப் பிடித்துக்கொண்டு, பின்வண்டியைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அது மட்டும் தனியே சரிந்தால் வேண்டாம்.

ஏப்ரல் 27ஆந் திகதி அரசர் தினத்தில் ஊர் முழுக்கத் தெருவோரம் பழைய பொருட்கள் விற்பார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டாரின் இழுவண்டிகளும் அங்கே கிடைக்கும். வாங்கலாம். ஆனால் மூட்டு ஆணி தேய்ந்திருக்கிறதா, தண்டின் பருமனுக்கு ஏற்ற வளையம் கூட இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

அங்கே பிள்ளைகள் பலர் தலைக்கவசம் இல்லாமலே போகிறார்கள். இதில் மட்டும் அவர்களைப் பார்த்து நடக்கத் தேவையில்லை.

முதல் நாளே பாடசாலைக்குப் புறப்பட வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று மீற்றர் நீளம். பிரேக் பிடித்தால் முன்புபோல உடனே நிற்காது. கார் நுழையாமல் இருக்கப் பாதை நடுவே நட்டிருக்கும் தூண்களைத் தாய் தாண்டிவிடுவார், உள்வளைவில் வரும் பின்சக்கரம் இடித்துவிடும். வெறும் வண்டியைக் கொழுவிக்கொண்டு, ஆளில்லாத ஒரு மைதானத்தில் இரண்டு மூன்று நாள் வளைத்து ஓட்டிப் பழகிய பின் பிள்ளையை ஏற்றுங்கள்.