இல்லறமும் வருமான வரியும்

சென்ற கோடை விடுமுறையில் எம் தந்தையார் வருமான வரிக்கணக்கு எழுதுங்கால், யாம் அருகிருந்து கூட்டிக் கழித்து உதவினோம். எம் இளவலின் நோய் காரணமாக அன்னையார் ஆசிரியப் பணியைத் துறந்து பல்லாண்டுகள் ஆயின; ஆதலின் எம் இல்லத்திற்கு ஊதியம் ஒன்றே. அடுத்த இல்லத்திலோ கணவரும் மனைவியாரும் பணிபுரிகின்றனர். இரு வீட்டு வரவும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் எந்தையார் வரி செலுத்துகின்றார், அவர்கள் செலுத்துவதில்லை. "ஈதென்ன நீதி?" என்று வெகுண்டோம்.

காரணம் எளிது. நம் நாட்டுச் சட்டம் குடும்பத்தை நோக்காது ஊதியம் பெறும் ஆளையே நோக்குகின்றது. வரவு ஏற ஏற விகிதமும் ஏறுகின்றது. 2025-26ஆம் ஆண்டின் புதிய வரிமுறைப்படி, நிலைக்கழிவும் மேல்வரியும் நீக்கிக் கணக்கிடின், ஒருவரே 24 இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றால் வரி 3 இலட்சம். அத்தொகையையே இருவர் 12 இலட்சமாகப் பெற்றால் வரி ஏதுமில்லை.

திருமணத்தால் இருவர் ஒருவராகின்றனர் என ஆலயத்தில் கேட்டு வளர்ந்த எமக்கு, இருவர் வரவையும் கூட்டிப் பாதிக்கு வரி கணித்து அதனை இரட்டித்தலே முறை எனத் தோன்றிற்று. மேற்கு ஜெர்மனியில் 1958இல் ஏற்பட்ட அம்முறை அந்நாட்டில் இன்றும் உளது.

இதனை அன்னையாரிடம் மகிழ்ந்து உரைத்தோம். அவர் மகிழ்ந்தாரல்லர். "குழந்தாய், அங்ஙனமாயின் நாளை நான் மீண்டும் பணிக்குச் சென்றால், என் முதல் ரூபாயே உன் தந்தையாரின் வரவின்மேல் ஏறியன்றோ நிற்கும்? அடுத்த வீட்டார் சமையலுக்கும் பிள்ளையைப் பார்க்கவும் ஆள் வைத்துக் கூலி கொடுக்கின்றனரே, அதனை எண்ணினாயா?" என்றார். யாம் எண்ணவில்லை.

கல்லூரி திறந்தபின் நூல்நிலையத்தில் இங்கிலாந்தின் வரலாற்றைப் படித்தோம். 1882இல் எழுந்த சட்டம், மணமான மகளிர்க்குத் தம் சொத்தைத் தாமே ஆளும் உரிமை தந்தது. வரிச்சட்டமோ அதன் பின்னரும் மனைவியின் வரவைக் கணவன் வரவாகவே கருதிற்று. தன் வரவை அவள் அவனுக்கு மறைத்தல் அரிதாயிற்று. இருவர் ஒருவராயினர், அவ்வொருவர் கணவரே! 1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேதான் அந்நிலை நீங்கி, மனைவியும் தனி ஆளாக எண்ணப்பட்டாள். 2015 முதல், வரி செலுத்துமளவு வரவில்லாத துணைவர், தம் வரிவிலக்கில் பத்தில் ஒரு பங்கைக் குறைந்த விகிதத்தில் வரி செலுத்தும் மற்றவருக்கு மாற்றித் தரவும் அங்கு இடமுண்டு.

ஆதலின் யாம் எம் கருத்தை மாற்றிக்கொண்டோம். வரி ஆளுக்கு ஆள் தனித்தனியாகவே இருத்தல் வேண்டும். அன்பினால் ஒன்றானவரை அரசாங்கம் கணக்கினால் ஒன்றாக்க வேண்டுவதில்லை. ஆனால் நோயுற்றோரையும் மழலையரையும் பேணும் பொருட்டு ஊதியம் துறந்தவர்க்குச் சிறு விலக்கு ஒன்று அவர்தம் பெயராலேயே அளித்து, அதனைத் துணைவருக்கு மாற்றவும் இடந்தரல் வேண்டும். தந்தையாரின் கணக்கில் அன்னையார் பெயரை யாம் யாண்டும் கண்டிலேம். பதினோராண்டு இரவும் பகலும் உழைத்தவர் பெயர் ஓரிடத்தேனும் எழுதப்படுதல் நீதியன்றோ?