26-ல் இத்தனை வகையா!

எனக்கு வயது நாற்பத்தேழு. இந்த வயதில் சைக்கிள் டயரைப் பற்றி எழுதப்போகிறாய் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால், நானே சிரித்திருப்பேன். என்ன செய்வது, நிலைமை அப்படி ஆயிற்று.

எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அம்மா குயிலாப்பாளையம் பக்கம் தனியாக இருக்கிறாள். இடுப்பில் அடிபட்டதிலிருந்து அவளால் அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை. எங்களோடு வந்துவிடும்மா என்றால், "என் வீட்டை விட்டு வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். ஆகவே தினமும் மதியச் சாப்பாடு நான்தான் கொண்டு போக வேண்டும். பஸ் மெயின் ரோட்டோடு சரி. தினம் ஆட்டோ வைக்க நமக்குக் கட்டுப்படியாகுமா? வீட்டுக்காரரின் வண்டியோ காலையில் அவரோடு போனால் இரவுதான் திரும்பும். மிஞ்சியது சைக்கிள்.

வழியில் பெரும்பகுதி நல்ல தார் ரோடுதான். பொம்மையார்பாளையம் தாண்டி மேலே ஏறி, அம்மா வீட்டுக்குப் பிரியும் கடைசி ஒன்றரை கிலோமீட்டர்தான் செம்மண் பாதை. வெயில் காலத்தில் புழுதி மணல். மழை பெய்தால் நீர் அரித்த பள்ளம்.

முதலில், விடுதிக்குப் போன மகள் விட்டுச்சென்ற சைக்கிளை எடுத்தேன். டயரில் 700 × 28 என்று போட்டிருந்தது. அகலம் வெறும் 28 மில்லிமீட்டர். காற்றைக் கல் மாதிரி அடைத்துக்கொண்டேன். தார் ரோட்டில் மிதித்ததே தெரியவில்லை. ஆனால் நாலாம் நாள் முன்சக்கரம் மணலில் புதைந்து, அப்படியே பக்கவாட்டில் விழுந்தேன். சாம்பார் முழுக்க மண்ணில். அன்று அம்மா மோரை ஊற்றிச் சாப்பிட்டாள். என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, "எனக்குச் சோறே வேணாம், நீ இனிமே வராதடி" என்று அழுதாள். சாம்பார் போனது பெரிதில்லை. அந்த அழுகைதான் தாங்கவில்லை.

அடுத்து மகனுடைய குண்டு டயர் சைக்கிள். 26 × 1.95. ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் அகலம், மேலே முட்டு முட்டாக ரப்பர். மணலில் யானை மாதிரி நிதானமாகப் போயிற்று. தார் ரோட்டிலோ 'ஙொய்'யென்று இரைச்சல். எவ்வளவு மிதித்தாலும் நகர்வேனா என்கிறது. மூன்றே நாளில் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்படி ஆயிற்று.

தெருமுனை சைக்கிள் கடைத் தம்பியிடம் புலம்பினேன்.

"ஒண்ணு ரொம்ப ஒல்லி, ஒண்ணு ரொம்ப குண்டு. உங்க பழைய லேடீஸ் சைக்கிள் என்னக்கா ஆச்சு?" என்றார்.

நான் ப்ளஸ் ஒன் சேர்ந்தபோது அப்பா வாங்கிக்கொடுத்தது. பின்கட்டில் தூசி படிந்து கிடந்தது. டயர் அளவு 26 × 1⅜. அதாவது சுமார் 37 மில்லிமீட்டர். "பாதி தாரு, பாதி மண்ணுன்னு போறவங்களுக்கு இதான்க்கா சரி" என்றார் தம்பி. ஆனால் டயர் இரண்டும் பக்கமெல்லாம் வெடித்திருந்தன.

புது டயர் வாங்க வீட்டுக்காரரை அனுப்பினேன். '26 இன்ச்' என்று கேட்டு, 26 × 1.95 வாங்கி வந்துவிட்டார்! அது இந்த ரிம்மில் உட்காரவே இல்லை. அப்போதுதான் தம்பி டயரின் பக்கவாட்டில் சின்னதாக அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டினார். என் பழைய டயரில் 37-590. புது டயரில் 559. முதல் எண் அகலம். இரண்டாவது, டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டர் கணக்கு. இரண்டும் '26'தான், ஆனால் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம்! ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிளின் 28 × 1½ டயருக்கு 635. மகளின் 700-க்கு 622. அந்த 700 பிரெஞ்சுக்காரர் வைத்த கணக்காம். டயரின் வெளி விட்டம் ஏறக்குறைய அவ்வளவு மில்லிமீட்டர் என்று அர்த்தம். 1954 வரை அவர்கள் ஆண்ட ஊரில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்!

டயரை மாற்றி, சக்கரத்தின் கோட்டம் எடுத்து, தளர்ந்த கம்பிகளை முறுக்கிக் கொடுத்தார். காற்று விஷயத்திலும் என் தவறு புரிந்தது. கல் மாதிரி அடைத்தால் ஒவ்வொரு கல்லும் முதுகில் குத்தும், மணலில் புதையும். ரொம்பக் குறைத்தாலோ கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழும். டயரில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல், நம் பாரம் இறங்கும் பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட, முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைச் செய்ததே, தன் சின்ன மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடத்தானே!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண் பள்ளிக்கோ டியூஷனுக்கோ மண் பாதையில் போகிறவளாக இருந்தால், நான் பட்டதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மண் கொஞ்ச தூரம்தானே என்று அலட்சியம் வேண்டாம், விழுவது அங்கேதான். அதற்காக ரொம்பக் குண்டாகவும் வேண்டாம். மிச்ச தூரமெல்லாம் மிதிப்பது அவள்தானே. அகலமான டயர் போடுமுன் மட்கார்டிலும் பிரேக்கிலும் உரசாமல் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்குப் போகும்போது பழைய டயரின் சின்ன எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். வெறும் '26' என்று கேட்காதீர்கள்.

ஆழமான மணல் வந்தால் நான் இப்போதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். அதில் வெட்கம் என்ன? சாம்பார் சிந்துவதில்லை.

பழைய சைக்கிளில் போன முதல் நாள், மணிச் சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். தூக்குச் சட்டியைக்கூடப் பார்க்கவில்லை. சீட்டைத் தடவிக்கொண்டே, "உங்கப்பா வாங்கினதுடி" என்றாள். அதற்குப் பிறகு ஒருநாளும் "வராதே" என்று சொல்லவில்லை.