சுவிட்சை அணைத்தது நான்தான்

மூன்று வருடங்களாக ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தேன். என் மகளின் நான்கு தங்கமீன்கள் செத்ததற்குக் கடைக்காரர் காரணமில்லை. நோய் காரணமில்லை. கத்திரி வெயில்கூட முழுக் காரணமில்லை. ராத்திரி பத்து மணிக்கு ஏர் பம்ப்பின் சுவிட்சை அணைத்தவள் நான்.

வில்லிவாக்கத்தில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். தலைக்கு மேலே மொட்டை மாடி. சித்திரை பிறந்துவிட்டால் படுக்கையறையில் படுக்க முடியாது; பகலெல்லாம் காய்ந்த கூரை ராத்திரி முழுக்க அனலை இறக்கும். அதனால் மே மாதம் ஹாலில்தான் பாய் விரிப்போம். அதே ஹாலில், மேற்கு ஜன்னலோரம், மீன் தொட்டி. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

ஆறாம் வகுப்பை நல்லபடியாக முடித்ததற்காக மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. சென்னையில் வண்ண மீன் வளர்ப்பவர்கள் கொளத்தூருக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். அங்கே ஒரு கடையில்தான் வாங்கினோம். கவரில் காற்றடைத்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "கோல்டு ஃபிஷ்ஷுக்கு இந்தத் தொட்டி சின்னது மேடம். ரெண்டு போதும். வெயில் காலம் வேற. மோட்டாரை மட்டும் ராப்பகலா ஓட விடுங்க." நாலாகவே கொடுங்கள் என்று கேட்டவளும் நான்தான்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் மகள் கும்பகோணத்துக்குப் பாட்டி வீட்டுக்குப் போனாள். கிளம்பும்போது, "அம்மா, மோட்டாரை நிறுத்திடாதே" என்று இரண்டு முறை சொன்னாள். சரி என்றேன். அன்று ராத்திரியே நிறுத்தினேன். அந்தச் சின்ன மோட்டார் பலகை மேல் அதிர்ந்துகொண்டு 'டர்ர்' என்று கத்தும். அனலோடு அந்தச் சத்தமும் சேர்ந்து தூக்கம் வரவில்லை. காலையில் ஐந்து மணிக்குப் போட்டுவிட்டால் போகிறது என்று நினைத்தேன். மூன்று ராத்திரி ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான்காவது ராத்திரியும் கூசாமல் அணைத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. நான் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்புக்குக் 'கரைசல்கள்' பாடத்தைப் பல வருடங்களாக நடத்துகிறேன். வெப்பநிலை கூடினால் நீரில் வாயுவின் கரைதிறன் குறையும் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனை வாங்கி வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய ஏழரைதான். தண்ணீரில் காற்று குறையும் அதே நேரத்தில் மீனின் உடம்பு வேகமாக இயங்கும். 10 டிகிரி கூடினால் அதன் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு குறைந்து செலவு கூடும் வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் தொட்டியிலும் நடக்கும். அதிலும் தங்கமீன் சீனத்துக் குளிர்ந்த நீர்க் கெண்டை இனத்திலிருந்து வந்தது. 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். என் தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானிப் பட்டை 33 காட்டியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஐந்தாம் நாள் காலை நான்கு மீன்களும் மேலே வந்து நின்றன. வாய் தண்ணீரின் விளிம்பில் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒன்று மட்டும் லேசாகச் சாய்ந்து, ஒரு பக்கத் துடுப்பால் தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்த்தது. எனக்குப் பசி என்று தோன்றியது. மோட்டாரைப் போட்டுவிட்டு வழக்கத்தைவிட அதிகமாகவே தீனியைத் தூவினேன். ஒன்றும் தின்னவில்லை. தீனி ஊறி அடியில் இறங்கியது. அது அழுகினால் அமோனியா; தண்ணீர் சூடாக இருந்தால் அந்த அமோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

மதியத்துக்குள் இரண்டு போய்விட்டன. பதறிப்போய் ஃபிரிட்ஜிலிருந்த ஐஸ் தட்டுகள் இரண்டையும் தொட்டியில் கவிழ்த்தேன். அரைக் கிலோ ஐஸ் 50 லிட்டரைக் குளிர்விக்கும் அளவு 1 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் ஐஸ் மிதந்த இடத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த மீன்கள் மேல் திடீர்க் குளிர் பட்டது. சாயங்காலம் மற்ற இரண்டும் மிதந்தன.

இதுவரை நடந்தது அலட்சியம். அதற்குப் பிறகு நான் செய்ததுதான் என்னை உறுத்துவது. செத்த மீன்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டு மறுநாள் அந்தக் கடைக்கே போனேன். நோய் பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று நாலு பேர் எதிரில் சத்தம் போட்டேன். அவர் கவரைப் பிரித்தார். ஒரு மீனின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார். "மோட்டார் ராத்திரியும் ஓடிச்சா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

"நிறுத்தவே இல்லை" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு வலையை எடுத்து இரண்டு மீன்களைப் பிடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஊரிலிருந்து வந்த மகளிடமும் கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துவிட்டார் என்றே சொன்னேன். அவள் அதை அப்படியே நம்பித் தன் தோழிகளிடம் சொல்லிவிட்டாள். தொட்டி வாங்க இருந்த ஒரு வீட்டார் வேறு கடைக்குப் போனார்கள். காதில் விழுந்தது. சும்மா இருந்தேன்.

அந்த இரண்டு மீன்களும் இன்னும் இருக்கின்றன. இப்போது பெரிய தொட்டி, வெயில் படாத கிழக்குச் சுவரோரம் நிற்கிறது. கோடையில் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுகிறேன். சின்ன டேபிள் ஃபேன் தண்ணீரின் மேல்மட்டத்தில் படும்படி ஓடுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். ஆவியாகிற தண்ணீர் சூட்டைக் கொண்டுபோகிறது. சென்னைப் புழுக்கத்தில் உள்மாவட்டங்களைப் போல அவ்வளவாக இறங்காது. ஆனாலும் இறங்கும் ஒன்றிரண்டு டிகிரியும் மீனுக்குப் பெரிது. குறைந்த தண்ணீருக்கு ஈடானதை ராத்திரியே பிடித்து ஆறவைத்துச் சேர்க்கிறேன். மிகவும் தகித்தால் மூடிய ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு, பட்டையைப் பார்த்துக்கொண்டே மெல்லக் குறைக்கிறேன். தீனி பாதிதான். மோட்டாருக்கு அடியில் மடித்த துணி வைத்திருக்கிறேன், சத்தம் அடங்கிவிட்டது. அந்த வருடமும் ஒரு துண்டுத் துணி போதுமாயிருந்திருக்கும்.

போன மாதம் கடைக்காரரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு என்னை நினைவில்லை. "கத்திரியில வர்ற எல்லாரும் மோட்டார் ஓடிச்சுன்னுதான் மேடம் சொல்வாங்க" என்றார், கோபமில்லாமல். இரண்டு மீனுக்கான காசைக் கொடுத்தேன். வாங்கிக் கல்லாவில் போட்டார். நான் போட்ட சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் போனவர்களின் கணக்கை எப்படித் தீர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி மகளிடம் சொன்னேன். கரைதிறன் பாடத்தை அடுத்த வருடம் அவளும் படிப்பாள். என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கேட்டாள்:

"அப்போ அதுங்க தீனிக்காக வாயைத் திறக்கலையாம்மா?"

"இல்லம்மா. மூச்சுக்காக."

அவள் எழுந்து போய்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை.